ஐடிலிங் தூக்கித் தூக்கி இறங்குகிறதா? த்ராட்டில் சென்சாரையும் ஆர்பிஎம்மையும் அமைக்கும் முறை

ஆக்சிலரேட்டர் கேபிள் வைத்த பழைய பெட்ரோல் கார்களில் ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது இஞ்சின் ஓடும் வேகம்) கெட்டால், பலர் முதலில் திருப்புவது த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத்தான். கடைசிவரை தொடக்கூடாத ஸ்க்ரூ அது. அதை உள்ளே திருகினால், இஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு முழுதாக மூடாமல் நிற்கும். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) ஏறும், வேலை முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் தட்டு நகர்ந்ததும் அதன் அச்சில் இருக்கும் சென்சாரும் நகர்ந்துவிடுகிறது. ‘கால் பெடலில் இல்லை’ என்ற தகவல் இசியுவுக்கு, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, போகாது. அது ஐடிலிங்கைக் கவனிப்பதையே விட்டுவிடும். அடுத்த வாரம் வண்டி சிக்னலில் நின்று போகும், மறுபடி ஸ்க்ரூவைத் திருப்புவார்கள்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வண்டி 1992–95 டொயோட்டா கேம்ரி, 2.2 லிட்டர் 5எஸ்-எஃப்இ இஞ்சின். நான்கு ஒயர் சென்சார் உள்ள அக்கால டொயோட்டாக்கள் பலவற்றில் முறை ஒன்றுதான். அளவுகள் இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலிலும், பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் உள்ள எண்ணே இறுதி.

சென்சார் என்ன செய்கிறது

நான்கு முனைகள்: விசி என்பது இசியு தரும் 5 வோல்ட், இ2 என்பது எர்த், விடிஏ தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சிக்னல். நான்காவது ஐடிஎல், அதாவது தட்டு மூடியிருக்கும்போது மட்டும் எர்த்தோடு சேரும் சிறு சுவிட்ச். ஐடிலிங் தொல்லையில் பாதி இந்தச் சுவிட்சைச் சுற்றித்தான்.

காலை எடுத்தபின்னும் ஐடிஎல் சேரவில்லை என்றால் இசியு ஐடிலிங்கைக் கட்டுப்படுத்தாது. இறக்கத்தில் காலை எடுத்தாலும் பெட்ரோலை நிறுத்தாது, மைலேஜ் குறையும். மாறாக, பெடலை லேசாக மிதித்த பிறகும் ஐடிஎல் பிரியாமல் இருந்தால் இன்னொரு கூத்து. ஆர்பிஎம் ஏறியதும், ‘பெடலை விட்டுவிட்டார், வண்டி உருள்கிறது’ என்று எண்ணி இசியு பெட்ரோலை நிறுத்தும். ஆர்பிஎம் விழும்; மறுபடி பெட்ரோல் விடும்; மறுபடி ஏறும். லேசாக மிதித்தபடி போகும்போது வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடுவதற்கு இது ஒரு காரணம். எங்கோ காற்று கசிந்து ஐடிலிங் மிக உயர்ந்தாலும் இதே ஏற்ற இறக்கம் வரும். அப்போது சென்சாரில் குற்றமே இல்லை.

அதனால் முதலில் காற்று

ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி த்ராட்டில் தட்டின் விளிம்பைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். சென்சார் இருக்கும் அச்சுப் பக்கம் நேராக அடிக்க வேண்டாம். சில த்ராட்டில் பாடிகளில் உட்சுவரில் கறுப்புப் பூச்சு இருக்கும். அது அழுக்கல்ல, சுரண்டாதீர்கள்.

ஆக்சிலரேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கவேண்டும். இழுத்துப் பிடித்திருக்கும் கேபிள் தட்டை மூடவிடாது.

இஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்றால் போதும். கூலன்ட் குறைவாக இருந்தால் நிரப்பிக் காற்றை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள். த்ராட்டில் பாடி வழியாகவும் கூலன்ட் ஓடுகிறது, அதில் காற்று சிக்கினாலே ஐடிலிங் ஆடும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

இப்போது கசிவுக்கான சோதனை. த்ராட்டில் பாடியின் உட்சுவரில், தட்டுக்கு முன்னால், ஐடிலிங் வால்வுக்குக் காற்று போகும் துளை இருக்கும். இஞ்சின் ஓடும்போது அதை விரலால் அடையுங்கள். ஆர்பிஎம் நன்றாக விழுந்தால் காற்று வரவேண்டிய வழியில்தான் வருகிறது. அடைத்தும் ஆர்பிஎம் உயரமாகவே நின்றால் வேறு வழியாக உறிஞ்சுகிறது. வேக்குவம் ஓஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய ப்ளையரால் நசுக்குங்கள்: பிசிவி ஓஸ் (இஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி உள்ளிழுக்கும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஓஸ். எதை நசுக்கும்போது ஆர்பிஎம் சரியாகிறதோ அதன் வழியில்தான் கோளாறு. ஓடும் இஞ்சின் மேல் கிளீனரை அடித்துக் கசிவு தேடுபவர்கள் உண்டு. அது தீப்பற்றும் பொருள், வேண்டாம்.

கழற்றாமலே ஒரு சோதனை

பானட்டுக்குள் இருக்கும் டயக்னாசிஸ் கனெக்டரில் டிஇ1, இ1 இரண்டையும் ஜம்பர் ஒயரால் இணையுங்கள். ஏசி அணைந்திருக்கட்டும். இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். செக் இஞ்சின் விளக்கு ஒரே சீராக மின்னினால் கோளாறு பதிவாகவில்லை. நான்கு மின்னல், இடைவெளி, ஒரு மின்னல் என்றால் கோட் 41: சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. சீராக மின்னும் விளக்கு, பெடலை லேசாக மிதித்ததும் ஐந்து, ஒன்று என்று மாறினால் அது கோட் 51: ஐடிஎல் பிரிந்திருக்கிறது. மிதிக்கும்போது 51 வருவது சரிதான். மிதிக்காமலே 51 வந்தால் சுவிட்ச் சேரவில்லை. சென்சாரைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்த்தால் அரை நாள் மிச்சம்.

சென்சாரை அமைப்பது

தேவை: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஓம் அளக்கும் மல்டிமீட்டர், ஜப்பானிய ஸ்க்ரூவுக்கான ஜேஐஎஸ் முனை உள்ள ஸ்க்ரூ டிரைவர். சாதாரண ஃபிலிப்ஸ் முனை வழுக்கி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும். பிறகு த்ராட்டில் பாடியையே கழற்ற நேரும்.

சாவியை ஆஃப் செய்து சென்சார் கனெக்டரைப் பிடுங்குங்கள். மீட்டரை ஐடிஎல், இ2 முனைகளில் வையுங்கள். ஸ்டாப் ஸ்க்ரூவுக்கும் அது முட்டும் லீவருக்கும் நடுவே 0.50 மி.மீ. தகடு நுழைந்திருக்கும்போது தொடர்பு இருக்கவேண்டும், 2.3 கிலோ ஓமுக்குள். 0.70 மி.மீ. தகடு வைத்தால் தொடர்பு அறவே இருக்கக்கூடாது. இரண்டும் சரியென்றால் சென்சாரை விட்டுவிடுங்கள்.

சரியில்லை என்றால் இரண்டு ஸ்க்ரூக்களையும் சென்சார் இறுக்கமாக நகரும் அளவுக்குத் தளர்த்துங்கள். 0.60 மி.மீ. தகட்டை நுழைத்து, மீட்டர் முள் அசையும்வரை சென்சாரைக் கடிகாரச் சுற்றில் மெல்லத் திருப்பி, அந்த இடத்திலேயே இறுக்குங்கள். இறுக்கும்போது சென்சார் கூடவே திரும்பும். ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு 0.50, 0.70 இரண்டையும் மீண்டும் பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்ய நேர்வது வழக்கம்.

அப்படியே மீட்டரை விடிஏ, இ2 முனைகளுக்கு மாற்றித் தட்டை மெதுவாகத் திறந்து பாருங்கள். ஓம் இடையில் எகிறாமல் சீராக மாறவேண்டும். நடுவில் துள்ளினால் உள்ளே தடம் தேய்ந்துவிட்டது. எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை, புதிதுதான் போடவேண்டும்.

ஐடிஎல் இல்லாத மூன்று ஒயர் சென்சார் என்றால் அளவு வோல்ட்டில். கனெக்டரைப் பிடுங்காமல் சாவியை ஆன் செய்து, சிக்னல் ஒயரின் பின்புறம் ஊசியால் தொட்டு அளங்கள். தட்டு மூடியிருக்கும்போது அரை வோல்ட் அளவிலும், முழுதாகத் திறந்தால் 4 வோல்ட்டுக்கு மேலும் வருவது பொதுவானது. ஸ்க்ரூ துளைகள் நீள்வட்டமாக இல்லாமல் வட்டமாக இருந்தால் அந்தச் சென்சார் திருப்பி அமைப்பதற்கானதல்ல. அரம் வைத்துத் துளையைப் பெரிதாக்காதீர்கள்.

கடைசியாக ஆர்பிஎம்

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஏசி, ஹெட்லைட் அணைத்து அளக்கவேண்டும். ஆர்பிஎம் அளக்கும் டாக்கோமீட்டரை டயக்னாசிஸ் கனெக்டரின் ஐஜி மைனஸ் முனையில் இணைக்கலாம். அந்த முனை எர்த்தில் பட்டுவிடாமல் பாருங்கள்; இக்னைட்டரோ காயிலோ போய்விடும். டிஇ1, இ1 இணைத்த நிலையில் டைமிங் (ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரம்) 10 டிகிரியில் நிற்கவேண்டும். ஐடிஎல் சேராவிட்டால் இது நிலைக்காது, எனவேதான் சென்சார் முதலில்.

5எஸ்-எஃப்இயில் ஐடிலிங்குக்குத் தனி ஸ்க்ரூ கிடையாது. சுழலும் வால்வை வைத்து இசியுவே 750 ஆர்பிஎம்மைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அது பிடிக்கவில்லை என்றால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

காற்றுவழி ஸ்க்ரூ உள்ள வண்டிகளில் நீங்கள்தான் வைக்கவேண்டும். 1990–93 மாஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல உதாரணம். அதன் டயக்னாசிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி இரண்டையும் இணைத்த பிறகே ஸ்க்ரூவைத் திருப்பி 850 ஆர்பிஎம் வைக்கவேண்டும், கூடக்குறைய 50 இருக்கலாம். உள்ளே திருகினால் குறையும், வெளியே எடுத்தால் ஏறும். இணைக்காமல் திருப்பினால் நீங்கள் குறைத்த காற்றை இசியு வால்வைத் திறந்து சரிக்கட்டிவிடும். வைத்த அளவு பொய்யாகும்.

யாரோ ஏற்கெனவே ஸ்டாப் ஸ்க்ரூவைக் கெடுத்திருந்தால், தட்டு முழுதாக மூடும்வரை அதை வெளியே எடுத்து, லீவரைத் தொடும்வரை உள்ளே விட்டு, மேலும் கால் சுற்று மட்டும் கொடுங்கள். தட்டு சுவரில் சிக்காமல் இருக்க அவ்வளவு போதும். அதன்பின் சென்சாரை மறுபடி முதலிலிருந்து அமைக்கவேண்டும்.

முடிந்ததும் ஜம்பரை எடுத்துவிட்டு, கேம்ரியில் 15 ஆம்பியர் இஎஃப்ஐ ஃப்யூஸைப் பத்து நொடிக்கு மேல் கழற்றி மாட்டுங்கள். பழைய கோட் அழியும். ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஆர்பிஎம் ஒரு கணம் தடுமாறி உடனே நிமிர்ந்து நிற்கவேண்டும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவற்றில் சாவி ஆனில் இருக்கும்போது தட்டை விரலால் தள்ளக்கூடக் கூடாது.