பெட்டியைப் பிரிக்கும் முன் எர்த் பாருங்கள்: புது வீட்டில் டிவி, கேம், சினிமா

ஆனி பிறந்துவிட்டால் குடி போகக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அதனால் வைகாசியின் கடைசி வெள்ளிக்கிழமை, தாம்பரம் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் பால் காய்ச்சினோம். தரைத்தளம், இரண்டு படுக்கையறை, முப்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடு. அன்று இரவே மகனுக்குப் படம் பார்த்தாக வேண்டும், எனக்கும்தான். பாத்திரப் பெட்டிகளை அப்படியே அடுக்கிவிட்டு டிவியைப் பிரித்தோம், கணினியை இணைத்தோம், நள்ளிரவு வரை உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் டிவியின் ஒரு எச்டிஎம்ஐ போர்ட் (படமும் ஒலியும் கொண்டுவரும் கேபிளைச் செருகும் துளை) செத்துப்போனது.

ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. புது வீட்டுக்குப் போகிற யாருக்கும் இந்த இரண்டு வாரம் வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எங்களிடம் இருப்பவை: 55 அங்குல டிவி, கேம் விளையாடும் மேசைக் கணினி, இரண்டு ஸ்பீக்கர், ஒரு கேரம் போர்டு. உங்களிடம் கணினிக்குப் பதிலாக கேம் கன்சோல் இருந்தாலும் வரிசை இதேதான்.

படி 1: வெறும் சுவரில் செய்தித்தாள் ஒட்டுங்கள்

சோபாவும் பீரோவும் உள்ளே வருவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். 55 அங்குல டிவியின் திரை ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் அகலம், 68 சென்டிமீட்டர் உயரம். அந்த அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, நீங்கள் வழக்கமாக எங்கே உட்காருவீர்களோ அங்கே உட்கார்ந்து பாருங்கள். திரையின் மூலைவிட்ட அளவை 1.6-ஆல் பெருக்கினால் சினிமாவுக்குப் பொருத்தமான தூரம் கிடைக்கும். 55 அங்குலத்துக்கு அது சுமார் ஏழேகால் அடி. பத்தடி ஹாலில் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறது. நாங்கள் ஒன்றரை அடி முன்னால் இழுத்துப் போட்டோம்.

உயரத்தையும் கவனியுங்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். பாயில் உட்கார்ந்தால் முக்கால் மீட்டர்தான். எங்கள் வீட்டில் படம் என்றால் எல்லோரும் பாய்க்கு இறங்கிவிடுவோம். அதனால் சுவரில் மாட்டாமல் தாழ்வான மர ஸ்டாண்டு வாங்கினேன். வாடகை வீட்டில் டிவியைச் சுவரில் மாட்டுவதை நான் ஒப்புவதே இல்லை. ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டும், காலி செய்யும்போது நான்கு ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும், போர்ட்டுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கை நுழையாது. அடுத்த படியைப் படித்தால் கை நுழைவது ஏன் முக்கியம் என்று தெரியும்.

ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம். பகலில் திரையில் ஜன்னல்தான் தெரியும்.

படி 2: எர்த்

நான் சறுக்கிய இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

குடியேறிய அன்று தரையை அப்போதுதான் துடைத்திருந்தோம். வெறுங்காலோடு உட்கார்ந்து டிவியின் பின்புறம் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினேன். முழங்கை கணினிப் பெட்டியின் தகரத்தில் பட்டது. எறும்பு வரிசையாக ஊர்வதுபோல் மெல்லிய சுருக். கையை எடுத்தேன், நின்றுவிட்டது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் கேபிளைக் கழற்றி மாட்டியபோது ஒரு சிறு பொறி; அதோடு அந்தப் போர்ட்டில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து நிலைத்துவிட்டது.

நடந்தது இதுதான். கணினியின் பவர் சப்ளைக்குள், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக பேஸிலிருந்தும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலிலிருந்தும் (அது திரும்பும் ஒயர்) உலோக உடலுக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியே மிகச் சிறிய அளவில் மின்சாரம் கசியும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் பெட்டியின் உடல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். கசியும் மின்சாரம் மிகச் சிறியது என்பதால் சுருக்கென்று மட்டும் இருக்கும். எங்கள் டிவியிலோ டிஷ் கேபிள் இணைந்திருந்தது. அதன் மேலுறை மாடியில் உள்ள இரும்புத் தாங்கி வழியே சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் மிதக்கும் கணினி, மறுபக்கம் மண்ணோடு ஒட்டிய டிவி. இரண்டுக்கும் நடுவே நான் கேபிளைச் செருகுகிறேன். கேபிளின் உறை முதலில் தொட்டால் தப்பிக்கலாம். கை நுழையாத இடத்தில் சாய்த்து, தடவித் தடவிச் செருகினால் சிக்னல் முள்ளிலேயே அந்த மின்சாரம் இறங்கிவிடலாம்.

சுவரில் மூன்று துளை சாக்கெட்தான் இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எலெக்ட்ரீஷியன் அண்ணன் சுவிட்ச் போர்டைத் திறந்து காட்டினார். "மேடம், மேல் துளைக்கு ஒயரே வரவில்லை பாருங்கள்." உள்ளே பித்தளை முனை புத்தம் புதிதாக மின்னியது. முப்பது வருடமாக அதில் எதுவும் முடுக்கப்படவில்லை.

சோதிப்பது எப்படி? மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். வீடு மாறுகிறவர்களுக்கு ஸ்க்ரூ டிரைவருக்கு அடுத்து அவசியமான கருவி இதுதான் என்பேன். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். பேஸ் எங்கே என்று அது சொல்லும், எர்த் வேலை செய்கிறதா என்று சொல்லாது. மீட்டரை ஏசி வோல்ட்டில், 600 அல்லது 750 என்ற அளவில் வையுங்கள். முனைகளின் உலோகத்தில் விரல் படக் கூடாது, காலில் செருப்பு இருக்கட்டும். சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது மேலே இருப்பது எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல்.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறக்குறைய அதே எண். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்குள். கணினியை அதே போர்டில் செருகிவைத்து எங்கள் வீட்டில் அளந்தபோது வந்தவை 228, 110, 116. இரண்டாவதும் மூன்றாவதும் இப்படி நடுவில் நின்றால் எர்த் மிதக்கிறது என்று பொருள்.

இதைச் சரிசெய்வது நம் வேலை அல்ல. சுவிட்ச் போர்டை நீங்கள் திறக்க வேண்டாம். அந்த மூன்று எண்களைத் தாளில் எழுதி ஓனரிடம் காட்டுங்கள். எங்கள் ஓனர் அம்மா முதலில் தயங்கினார். அவர் வீட்டு வாஷிங் மெஷினும் இதே எர்த்தில்தான் இருக்கிறது என்று சொன்னதும் மறுநாளே ஆள் அனுப்பினார். வாசலில் இருந்த எர்த் குழியைச் சுத்தம் செய்து, அங்கிருந்து ஹால் வரை பச்சை ஒயர் இழுத்தார்கள். அரை நாள் வேலை.

எர்த் கிடைத்த பிறகும் இந்த ஒழுங்கை விடாதீர்கள்: எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள், டிஷ் கேபிளையும் கழற்றுங்கள், எச்டிஎம்ஐ கேபிள்களை இணைத்துவிடுங்கள், பிறகு டிஷ், கடைசியில் பிளக். டிவி பலவற்றுக்கும் கன்சோல்களுக்கும் இரண்டு முள் ஒயர்தான் வருகிறது. அவற்றுக்கு எர்த் முள்ளே கிடையாது என்பதால் இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். மூன்று முள் பிளக்கை இரண்டு துளையில் செருக உதவும் அந்தச் சின்ன அடாப்டரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

*பின்சேர்க்கை:* இதைப் படித்த ஒரு வாசகர், மீட்டரில் எல்லா எண்ணும் சரியாக வந்தும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருப்பதாக எழுதினார். எலெக்ட்ரீஷியனை வைத்துப் போர்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன். யாரோ சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து வைத்திருந்தார்கள். இது மிகவும் ஆபத்தான குறுக்கு வழி. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கணினிப் பெட்டியின் உடலில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். மீட்டர் இதில் ஏமாந்துவிடுகிறது. அதனால் ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே போர்டில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு நியூட்ரல், எர்த் நடுவே அளந்து பாருங்கள். எர்த் தனியாக வந்தால் எண் கொஞ்சமாவது ஏறும். சுமை ஏறியும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: இணையம்

இணைப்புக் கொடுக்க வருகிறவர் மோடத்தைத் தனக்கு வசதியான இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எங்களுக்கு வாசல் பக்கத்துப் படுக்கையறை. ஹாலுக்கு வர இரண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டி வரவில்லை, 2.4 வந்தது, ஆனால் தெருவில் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள்.

சினிமாவுக்கு இது பெரிய குறை அல்ல. 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பதே நொடிக்கு 15 மெகாபிட்தான். ஆன்லைன் கேமுக்கு வேகத்தைவிட நிலைத்தன்மை வேண்டும். நொடிக்கு நொடி தாமதம் மாறினால் விளையாட முடியாது. அதற்கு லேன் கேபிள்தான். கேட்-6 கேபிள் 20 மீட்டர் வாங்கி, சுவரின் அடிப்பட்டையோடு கிளிப் அடித்துக் கொண்டுவந்தேன். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் இதைத் திணிக்கக் கூடாது.

கேபிளைக் கதவின் அடியில் நுழைக்க வேண்டியிருந்ததால் முனையை வெட்டி நானே கிரிம்ப் செய்தேன், அதாவது ஒயர்களைப் புது முனையில் செருகி அழுத்திப் பொருத்தினேன். வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முள் கீழே இருக்கும்படி பிடித்தால் வலப்பக்கமா இடப்பக்கமா என்று குழம்பும். தங்க நிற முட்கள் உங்களைப் பார்க்க, ஒயர் கீழே தொங்கப் பிடியுங்கள், இடமிருந்து வலமாக இதே வரிசை வரும். நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ ஒரு ஒயர் சரியாக அமரவில்லை என்றாலும் இணைப்பு வேலை செய்வதுபோல் தெரியும், ஆனால் 1000 மெகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கிவிடும். 100 ஜிபி கேம் ஒன்றை இறக்க 100 மெகாபிட்டில் இரண்டேகால் மணி நேரம். அன்று அப்படித்தான் கண்டுபிடித்தேன். பிரவுன் ஒயர் உள்ளே போகவே இல்லை. பைப், கதவு என்று தடை இல்லையென்றால் முனை போட்டே விற்கும் கேபிளை வாங்குங்கள்.

இந்தக் கேபிளை டிவிக்குக் கொடுக்காதீர்கள், கணினிக்குக் கொடுங்கள். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 மெகாபிட்தான்.

படி 4: டிவிக்குள் மூன்று மாற்றங்கள்

சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி தானாக இடையில் பிரேம்களைச் செருகி வழுக்கலாக்கும். பெரிய படம்கூட சீரியல் மாதிரி தெரியும். அமைப்பில் 'மோஷன்' என்று தொடங்கும் எதையும் நிறுத்திவிடுங்கள். கேம் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் 'கேம் மோட்' போடுங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி குறைவது கையிலேயே தெரியும். கணினி என்றால் அந்த உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் அந்தப் பெயர் மாற்றமே நிறத் துல்லியத்தைக் கூட்டிவிடும். சிவப்பு எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரிந்தது எங்களுக்கு அத்தோடு நின்றது.

*பின்சேர்க்கை:* 4கே-யில் 60-க்குப் பதில் 30 பிரேம்தான் வருகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். போர்ட்டின் சிக்னல் வகை 'ஸ்டாண்டர்ட்' என்று இருக்கும். டிவி அமைப்பில் போய் அந்தப் போர்ட்டுக்கு 'என்ஹான்ஸ்டு' என்று மாற்றுங்கள்.

படி 5: சத்தம்

காலி ஹாலில் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'டிங்' என்று வால் நீண்டால் வசனம் தெளிவாகக் கேட்காது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சேர்ந்தால் எந்த ஸ்பீக்கரும் தோற்றுவிடும். விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் கனமான திரைச்சீலை வாங்குங்கள். எங்களுக்குப் பெரிய மாற்றம் தந்தது அத்தையின் இலவம்பஞ்சு மெத்தை. பகலில் அதை டிவிக்கு எதிர்ச்சுவரில் சாய்த்து வைக்கிறோம்; படம் முடிந்ததும் அது அவர் அறைக்குப் போய்விடும். ஒன்பது மணிக்கு அவர் படுத்துவிடுவார் என்பதால் ஒலி அமைப்பில் 'நைட் மோட்' போடுவோம். வெடிச் சத்தம் தாழ்ந்து, பேச்சு மேலே வரும்.

கேரம் போர்டுக்கும் இடம் ஒதுக்குங்கள். மின்வெட்டு வரும் இரவுகளில் அதுதான் எங்கள் கேம். ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். நான்கு பேர் சம்மணமிட்டு உட்கார அதைச் சுற்றிக் குறைந்தது இரண்டடி விட வேண்டும். விளக்கை டிவி திரையில் பிரதிபலிக்காத மூலையில், போர்டுக்கு நேர் மேலே தொங்கவிடுங்கள். போரிக் பவுடரைக் கணினிக்கு அருகில் தூவாதீர்கள். விசிறி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தெர்மோகோல் துண்டுகளை உள்ளேயே வைத்து, கழற்றிய ஸ்டாண்டுக் கால்களையும் திருகுகளையும் ஒரு கவரில் போட்டு உள்பக்கம் ஒட்டி, பரணில் ஏற்றிவிடுங்கள். அந்த மூன்று வோல்ட் எண்கள் எழுதிய தாளையும் நான் அதற்குள்தான் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் அடுத்த வீட்டின் எண்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.