முன்னறிவுக் கட்டத்தில் எழுதுவது ஒன்று, பிள்ளை தலையில் இருப்பது ஒன்று

பி.எட். படித்தவர்களுக்கு அந்தக் கட்டம் நினைவிருக்கும். பாடத்திட்டத் தாளில் 'முன்னறிவு' என்று போட்டிருக்கும். முதல் நாள் இரவே உட்கார்ந்து "மாணவர்களுக்குக் கூட்டல், கழித்தல் தெரியும்" என்று எழுதிவிடுவோம், பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல். மறுநாள் வகுப்பில் இரண்டு கேள்வி, முன் பெஞ்சிலிருந்து இரண்டு பதில், அவ்வளவுதான். கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான் கற்றலை மற்ற எதையும்விட அதிகமாகப் பாதிக்கிறது என்று கல்வி உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968இல் சொன்னதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்களும் நாம்தான்.

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கம் மாலையில் டியூஷன் எடுக்கும் அக்காக்களுக்கும், சனி ஞாயிறுகளில் வந்து சொல்லிக்கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். முன்னறிவு என்றதும் போன வருஷத்துப் பாடத்தை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணியது, தெருவில் பேசும் இந்தி, ஊரிலிருந்து வந்த பாட்டி சொன்னது என எல்லாமே அதில் சேர்த்திதான். அதில் பாதி உதவும், பாதி காலை வாரிவிடும். எது எது என்று கேட்காமல் தெரியாது. அதில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள் சில இவை.

"புரிஞ்சுதா?" என்று கேட்பது

இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: "புரிஞ்சுது மிஸ்." பிள்ளை பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றோடு நீங்கள் சொன்னதைப் பொருத்திக்கொண்டாயிற்று. பொருத்தியது சரியா என்று அதற்கு எப்படித் தெரியும்? தப்பான பொருத்தம் இருந்தால் குறிப்பிட்ட ஒரு தப்பு விடை வரும்படி கேட்க வேண்டும். அதற்குத் தசமத்தைவிட நல்ல இடம் கிடையாது.

0.3, 0.25, இதில் எது பெரியது? ஆறாம் வகுப்பில் கேட்டுப்பாருங்கள். 0.25 என்று ஒரு கூட்டம் சொல்லும். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்பதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு. அந்தப் பிள்ளை மிகக் கவனமாகத்தான் யோசித்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து முழு எண்களில் பழகிய விதி அது: இலக்கம் கூடினால் எண் பெரிது, 25 என்பது 3ஐவிடப் பெரிது. வருஷக்கணக்காக அதற்கு மார்க் போட்டதே நாம்தான்.

சரி, 0.3 என்று சொன்னவர்களுக்கு டிக் போட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அவர்களிடம் 0.4, 0.45 கொடுத்துக் கேளுங்கள். சிலர் 0.4தான் பெரியது என்பார்கள். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது என்று நாம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, புள்ளிக்குப் பின்னால் நீளம் கூடினால் மதிப்பு குறையும் என்று ஒரு விதி செய்து வைத்திருப்பார்கள். முதல் கேள்விக்கு அந்த விதியே சரியான விடையைக் கொடுத்துவிடும். டிக் வாங்கிய தப்பு, சுழி வாங்கிய தப்பைவிட ஆபத்தானது. அதை யாரும் தேட மாட்டார்கள். ஆக, ஒரு கேள்வி போதாது. "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், சரியான விடை சொன்னவரிடமும்.

நம் அனுபவத்தைப் பிள்ளையின் அனுபவமாக நினைப்பது

தசமம் என்றதும் நமக்கு ரூபாயும் பைசாவும்தான் வரும். "அன்றாட வாழ்க்கையோடு தொடர்புபடுத்துகிறேன்" என்று ஒரு திருப்தி வேறு. யாருடைய அன்றாடம்? 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போனது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குப் பிறகு பிறந்தது. பைசாவைக் கையில் எண்ணிப் பார்த்தே இருக்காது. அந்தப் பிள்ளைக்குப் பைசா ஒரு பாடப்புத்தகச் சமாச்சாரம். தசமத்தைப் புரியவைக்கப் போய்ப் பைசாவையும் புதிதாகப் புரியவைக்கிறோம். அதிலும் சிக்கல், 5.5 ரூபாய் என்றால் ஐந்து ரூபாய் ஐந்து பைசா என்று படிக்கும் பிள்ளைகள் உண்டு.

அதே பிள்ளை தினமும் பார்க்கும் தசமம் மளிகைக் கடையில் இருக்கிறது. பாவ் கிலோ, அதாவது கால் கிலோ, வெங்காயம் போடச் சொன்னால் எலக்ட்ரானிக் தராசில் 0.250 என்று சிவப்பாக எரியும். அரைக் கிலோ 0.500. எப்போதும் மூன்று இலக்கம். 0.3ஐத் தராசு காட்டுகிற மாதிரி 0.300 என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் 0.250 எழுதச் சொன்னால், எது கனம் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. நீளக் குழப்பம் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அடியில் உடையும். அப்புறம் கடைசி பூஜ்யத்தை எடுத்தால் என்ன ஆகும் என்று பேசலாம்.

கடைக் கணக்கு தானாகப் பள்ளிக் கணக்காகிவிடும் என்று நம்புவது

இது எதிர்ப்பக்கத் தவறு. நல்ல மனசுள்ளவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். "கடையில் நிற்கிற பையன், கணக்கு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு" என்பார்கள். வெங்காயம் கிலோ 40 ரூபாய், பாவ் கிலோ எவ்வளவு என்று கேளுங்கள், கேள்வி முடியும் முன் பத்து என்பான். அதையே நோட்டில் 40 × 0.25 என்று எழுதிக் கொடுங்கள். 25ஐ நாற்பதால் பெருக்கி, புள்ளியை எங்கேயோ விட்டுவிட்டு, 1000 என்று எழுதி நீட்டுவான். கால் கிலோ வெங்காயம் ஆயிரம் ரூபாயா என்று அவனுக்கு உறைக்காது. அவனைப் பொறுத்தவரை அது வெங்காயமே இல்லை.

இது ஒரு பையனின் கதை அல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவில் விற்பனை செய்த ஐந்து சிறுவர்களிடம் செய்த ஆய்வு 1985இல் வெளியானது: வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98.2 சதவீதம் சரி, அதே கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 36.8 சதவீதம்தான். நம் நாட்டிலும் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை வைத்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் செய்த ஆய்வு 2025இல் வந்தது. சந்தையில் மனக்கணக்காகப் போட்டவர்கள் பள்ளி வடிவத்தில் திணறினார்கள். வேலைக்குப் போகாமல் பள்ளியில் மட்டும் படித்தவர்களோ நோட்டில் ஓரளவு செய்தார்கள், சந்தைக் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு அறிவும் ஒரே தலைக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் குடியிருக்க முடியும்.

சேர்த்து வைப்பது ஆசிரியர் வேலை. அந்த 1000த்துக்குப் பக்கத்திலேயே அவன் வாயால் சொன்ன 10ஐ எழுதி, "இரண்டும் ஒரே வெங்காயம்தானே, எது தப்பு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். புள்ளி எங்கே வர வேண்டும் என்பதை அவனே தேடுவான்.

இன்னொன்றும் உண்டு. தாராவிப் பிள்ளை என்றாலே கடை தெரியும், இட்லி மாவு அரைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்வது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதை வைத்து விகிதம் நடத்தலாம், அருமையான உதாரணம்தான். ஆனால் இட்லி வியாபாரம் நடக்கும் வீட்டுப் பெண்ணுக்கும், பாக்கெட் மாவு வாங்கும் வீட்டுப் பெண்ணுக்கும் அது ஒன்றல்ல. மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்து ஆய்வாளர்கள், வீட்டோடு தொழில் நடக்கும் மும்பைக் குடியிருப்புப் பிள்ளைகளின் கணித அறிவைப் பார்த்திருக்கிறார்கள். என்ன வேலையில் எந்த அளவுக்குக் கை வைக்கிறார்களோ அதற்கேற்ப அந்த அறிவும் மாறுபட்டது. முதலில் கேளுங்கள், பிறகு உதாரணம் சொல்லுங்கள்.

எழுத்திலும் இதே கதைதான். இந்தி, மராத்தி எழுத்தான தேவநாகரியை முதலில் படித்த மும்பைத் தமிழ்ப் பிள்ளை 'மகன்' என்பதில் வரும் க-வை 'பக்கம்' என்பதில் வருவது போலவே அழுத்தி வாசிக்கும். ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி என்று அதன் பள்ளி சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளை இந்தியில் நாலு க-வையும் மாற்றி மாற்றி எழுதும். இரண்டு பேரையும் "மக்கு" என்று திட்டுவதில் பிரயோஜனமில்லை. இருவரும் தங்களுக்குத் தெரிந்த விதியை நாணயமாகப் பின்பற்றுகிறார்கள்.

ஒருமுறை சொல்லித் திருத்திவிட்டதாக நினைப்பது

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் நேர் உச்சியில் இருக்கும், நிழல் விழாது. பிள்ளைகள் மட்டுமல்ல, நாமும் இதை நம்புகிறோம். மும்பையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்தில் இரண்டே நாள்: மே 15 வாக்கில் ஒருமுறை, ஜூலை 28 வாக்கில் ஒருமுறை. அதுவும் கடிகாரத்தில் பன்னிரண்டரை தாண்டிய பிறகு. இதைச் சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், பழைய நம்பிக்கையும் அப்படியே இருக்கும். பூமி உருண்டை என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட அமெரிக்கக் குழந்தைகளில் சிலர், உருண்டைக்கு உள்ளே தட்டையான தரையில் மனிதர்கள் வாழ்வதாகக் கற்பனை செய்து வைத்திருந்ததை ஆய்வாளர்கள் வோஸ்னியாடோவும் புரூவரும் 1992இல் எழுதினார்கள். புதுப் பாடத்தைப் பழசின் மேலேயே கட்டியிருக்கிறார்கள்.

முதலில் ஊகத்தை எழுத வையுங்கள். டிசம்பரில் மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தினால் நண்பகல் நிழல் எவ்வளவு இருக்கும்? பத்து செ.மீ. என்பார்கள், ஒன்றுமில்லை என்பார்கள். அளந்தால் 90 செ.மீ. வாக்கில் வரும். எழுதி வைத்த எண் நோட்டில் இருப்பதால் "எனக்கு அப்பவே தெரியும் மிஸ்" என்று தப்பிக்கவும் முடியாது. ஜூலை 28ஐ மட்டும் நம்பாதீர்கள், மழை மேகத்தில் சூரியனே தெரியாது. மே மாதம் பாதிப் பிள்ளைகள் திருநெல்வேலிக்குக் கிளம்பிவிடும், அதுவும் நல்லதுக்குத்தான். அங்கே ஏப்ரல் பாதியிலேயே சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போயிருக்கும். மே மாத நண்பகல் நிழல் தெற்கே விழும். பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்புங்கள், ஊருக்குப் போகும் முன் எந்தப் பக்கம் விழும் என்று எழுதி வாங்கிக்கொண்டு.

கடைசியாக, நன்றாகத் தெரிந்த பிள்ளையை மறந்துவிடுவது. தொடக்க நிலையில் இருப்பவருக்குப் படிப்படியாகப் போட்டுக் காட்டுவது பெரிய உதவி; அதே விளக்கம் கைவந்தவருக்கு இடைஞ்சல் என்று கல்யுகா, ஸ்வெல்லர் போன்ற ஆய்வாளர்கள் 2003 வாக்கில் காட்டினார்கள். பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் இதைச் சமாளிப்பது லேசல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு கணக்கு கொடுத்து, சரியாகப் போட்டு எப்படி என்றும் சொல்ல முடிந்தவர்களை விளக்கத்திலிருந்து விட்டுவிடலாம். அவர்களுக்குத் தனியாக நாலு கடினமான கணக்கைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப்போட்டால் போதும்.