பாடும் மீனும் மீன்பிடிப் படகும்: ஜெரண்ட், பார்டிசிபிள், இன்ஃபினிட்டிவ் இனங்காணும் முறை

மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஆங்கில இலக்கணப் பாடத்தைத் தொடங்கும்போது நான் இலக்கணப் பெயர் எதையும் கரும்பலகையில் எழுதுவதில்லை. ‘ஸிங்கிங் ஃபிஷ்’, ‘ஃபிஷிங் போட்’ என்னும் இரண்டு தொடர்களை மட்டும் எழுதி, தமிழில் சொல்லும்படி கேட்பேன். முதலாவது பாடும் மீன் என்பதை, பாடும் மீன்களுக்குப் பெயர்போன கல்லடியில் வளர்ந்த பிள்ளை யோசிக்காமலே சொல்லிவிடும். இரண்டாவதைச் சிலர் ‘மீன்பிடிக்கும் படகு’ என்பார்கள். படகா மீன் பிடிக்கிறது என்று கேட்டால் சிரித்துவிட்டு, மீன்பிடித்தலுக்கான படகு என்று திருத்திக்கொள்வார்கள். ‘பாடும்’ பெயரெச்சம், ஆங்கிலத்தில் அது பார்டிசிபிள். ‘மீன்பிடித்தல்’ தொழிற்பெயர், அது ஜெரண்ட். இரண்டுமே ‘இங்’ என்று முடிவதால், சொல்லின் முடிவை விட்டுவிட்டு, வாக்கியத்தில் அது பார்க்கும் வேலையைக் கவனிக்க வேண்டும்.

எந்த வாக்கியத்திலும் முதலில் முற்றுவினையைக் கண்டுபிடித்து அடிக்கோடிட்டுவிடுங்கள். ‘ஹி இஸ் ஃபிஷிங்’ என்பதில் ‘இஸ் ஃபிஷிங்’ முழுவதும் முற்றுவினை. அந்த ‘இங்’கைத் தனியே பிரித்துப் பெயரிட வேண்டியதில்லை. மிஞ்சியிருக்கும் வினைச்சொற்களே நமக்கு வேண்டியவை.

‘ஸ்விம்மிங் இன் த லகூன் இஸ் டேஞ்சரஸ்’ என்னும் வாக்கியத்தில் ‘இஸ்’ஸுக்கு முன்னுள்ள தொடர் முழுவதையும் எடுத்துவிட்டு ‘இட்’ என்று போட்டாலும் வாக்கியம் நிற்கிறது. ஆகவே அது பெயரின் இடத்தில் இருக்கும் ஜெரண்ட். ‘த மேன் ஃபிஷிங் அண்டர் த பிரிட்ஜ் இஸ் மை அங்கிள்’ என்பதில் ‘ஃபிஷிங் அண்டர் த பிரிட்ஜ்’ என்ற இடத்தில் ‘இட்’ போட முடியாது. ஆனால், அத்தொடரை அடியோடு நீக்கினால் ‘த மேன் இஸ் மை அங்கிள்’ என்று குறையில்லாமல் நிற்கிறது. எந்த மனிதர் என்று காட்டவே அத்தொடர் வந்ததால் அது பார்டிசிபிள்.

பார்டிசிபிளுக்கு ‘இங்’ இல்லாத இன்னொரு வடிவமும் உண்டு. பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ‘ஹி ட்ரைட் த ஃபிஷ்’ என்றால் மீனைக் காயவைத்தான். ‘ட்ரைட் ஃபிஷ்’ என்றால் காயவைத்த மீன், நம் வீட்டுக் கருவாடு. எழுத்து ஒன்றுதான், முன்னது முற்று, பின்னது எச்சம். ‘ஓப்பண்ட் இன் 1924, த ஓல்ட் பிரிட்ஜ் ஸ்டில் ஸ்டாண்ட்ஸ்’ என்னும் வாக்கியத்தில் முற்றுவினை ‘ஸ்டாண்ட்ஸ்’ என்று முதலிலேயே பிடித்துவிட்டால், ‘ஓப்பண்ட்’ என்பது ‘திறக்கப்பட்ட’ என்னும் பொருளில் பாலத்தைச் சிறப்பிக்கும் பார்டிசிபிள் என்பது தானாகவே விளங்கும்.

வினையடி மாறாமல், பெரும்பாலும் ‘டு’வோடு வரும் வடிவம் இன்ஃபினிட்டிவ். அதை அறிய ‘டு’வைத் தேடினால் மட்டும் போதாது. ‘வீ வென்ட் டு கல்லடி டு ஸீ த பிரிட்ஜ்’ என்பதில் முதல் ‘டு’வுக்குப் பின் ஊர்ப்பெயர் வருகிறது, அது வெறும் முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்). இரண்டாவதன் பின் ‘ஸீ’ என்னும் வினையடி வருவதால் அதுவே இன்ஃபினிட்டிவ். தமிழில் ‘பார்க்க’ என்னும் செயவென் எச்சம். ‘லுக்கிங் ஃபோர்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதிலுள்ள ‘டு’வும் முன்னிடைச்சொல்லே, ஆகவே அதன்பின் ஜெரண்ட் வருகிறது. கடிதங்களில் இந்த இடத்தில் ‘மீட்’ என்று எழுதுவது ஊரறிந்த பிழை. ‘ஷி மேட் மீ வெயிட்’ போன்றவற்றில் ‘டு’ இல்லாமலே ‘வெயிட்’ இன்ஃபினிட்டிவாக நிற்கும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. ‘டு ஸ்விம் ஹியர் இஸ் டேஞ்சரஸ்’ என்பதைத் தமிழில் ‘நீந்துவது’ என்றுதான் சொல்ல வேண்டும். பொருள் தொழிற்பெயராக இருந்தாலும் வடிவத்தால் அது இன்ஃபினிட்டிவே. மாறாக, ‘ஸ்டொப்’ என்னும் வினையோடு தமிழ் நன்றாக உதவும். ‘ஹி ஸ்டொப்ட் டாக்கிங்’ என்றால் பேசுவதை நிறுத்தினான். ‘ஹி ஸ்டொப்ட் டு டாக்’ என்றால் போகிற வழியில் பேசுவதற்காக நின்றான். பரீட்சையில் இரண்டில் எது என்று குழம்பினால், அவன் வாய் மூடினானா, சைக்கிளை நிறுத்தினானா என்று கேட்டுப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.