நாற்பது போட்டால் நரை ஓடிவிடுமா?

போன தீபாவளிக்கு முன்னால் அத்தை, தலைமுடி டையோடு கலக்க 40 வால்யூம் டெவலப்பர் வாங்கிவந்தார். "இருபதை விட நாற்பதுதானே ஸ்ட்ராங்? நரை நல்லா மூடும்." தலையை அலசிப் பார்த்தால் வேர்ப்பக்கம் இரண்டு விரற்கடைக்குச் செம்பட்டை, கீழே பழைய கறுப்பு. உச்சந்தலை எரிச்சல் வேறு.

டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. 10 வால்யூமில் 3 சதவீதம், 20-ல் 6, 30-ல் 9, 40-ல் 12. ஒரு லிட்டர் திரவம் எத்தனை லிட்டர் ஆக்சிஜன் தரும் என்பதே அந்த எண். டையின் நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெராக்சைடுக்கு இரண்டு வேலை. முடியில் இருக்கும் கருமையை வெளுக்கும். டையில் உள்ள நிறமில்லாத சின்ன மூலக்கூறுகளை முடிக்குள்ளேயே ஒன்றோடொன்று சேர்த்து, வெளியே வர முடியாத அளவுக்குப் பெரிதாக்கும். நரை மூட இரண்டாவது வேலைதான் முக்கியம், அதற்கு 20 போதும். எண்ணைக் கூட்டினால் கூடுவது வெளுப்பு. நரைக்குப் பக்கத்தில் இருந்த கறுப்பு முடியும் வெளுத்துச் சிவக்கும், அத்தைக்கு ஆனது அதுதான். உடல் சூடு படுவதால் வேரில் இது இன்னும் வேகமாக நடக்கும். 10 வால்யூமோ பிடிவாதமான நரைக்குப் போதாது. 40-ஐ வீட்டில் தலைத்தோலில் படும்படி போடவே வேண்டாம் என்பது என் கட்சி.

கறுப்பு டை அடித்த தலையில் பழுப்பு ஷேட் பூசிவிட்டு, நிறமே மாறவில்லை என்பார்கள். மாறாது. டை டையை எடுக்காது. புதிதாக வளர்ந்த வேர் மட்டும் பழுப்பாகும்.

டை, டெவலப்பர் அளவை அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறபடி எடுங்கள்: ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்கு ஒன்றரையா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்ணளவில் ஊற்றினால் கலவை நீர்த்து நெற்றியில் வழியும். கலக்க பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம். மிச்சத்தை மூடி போட்டு வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம், அடுத்த முறைக்கு அது உதவவும் உதவாது.

அப்புறம் மருதாணி. சுத்தமான இலைப்பொடி என்றால் பிரச்சினை குறைவு. உலோக உப்பு கலந்த பொடி போட்ட முடியில் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி முறியலாம். சந்தேகமிருந்தால் சீப்பில் உதிர்ந்த நாலு முடியில் கலவையைத் தடவிப் பாருங்கள்.

பாக்கெட் பவுடர் டையில் தனி டெவலப்பர் இல்லை, தண்ணீரில்தான் கலக்கிறோம், அதனால் ஆபத்தில்லை என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் பெராக்சைடின் வேலையைச் செய்யும் பொருள் பவுடருக்குள்ளேயே இருக்கும். 'அமோனியா இல்லை' என்று போட்டிருந்தாலும் பிபிடி (PPD) என்ற சாய ரசாயனம் இருக்கலாம். அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் அந்த பிபிடிதான். "பத்து வருஷமா போடுறேன், எனக்கென்ன ஆகப்போகுது?" என்பார் அத்தை. பத்தாவது வருஷத்திலும் அலர்ஜி புதிதாகக் கிளம்பும். அதனால் ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு அளவு வைத்துப் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அந்த டை உங்களுக்கு ஆகாது. தலையில் போட்டபின் எரிந்தால் நேரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அலசுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.