வெங்கச்சங்கல்லில் ஒரு சில்லு உடைக்கலாம், வாங்க

கற்காலக் கருவிகளைப் பற்றி எவ்வளவு படித்தாலும், ஒரு கல்லை நாமே உடைத்துப் பார்க்கும்வரை அது மண்டையில் ஏறாது. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் பட்டுப்பட்டென்று சில்லு பெயர்ப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கிடந்த கருங்கல் துண்டை அரைமணி நேரம் தட்டினேன். கை வீங்கியதுதான் மிச்சம். அவர் கையில் இருந்தது ஃபிளின்ட் என்ற கல், கண்ணாடி மாதிரி உடையும். நம் குமரி மாவட்டத்துப் பாறையெல்லாம் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகை. பரல் பெரிதாக இருப்பதால் சல்லியாக உதிருமே தவிர கத்தி போல விளிம்பு வராது. அதனால் நமக்கு வாய்த்தது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ்.

முதலில் கல். எலுமிச்சம்பழம் அளவில், உருண்டு வழவழப்பான வெள்ளைக் கூழாங்கல் இரண்டு மூன்று போதும். பாறையில் வெள்ளைக் கோடாக ஓடும் வெங்கச்சங்கல்லைப் பெயர்த்து எடுக்காதீர்கள், உள்ளே விரிசல் மயமாக இருக்கும், ஒரே அடியில் நொறுங்கிவிடும். ஆற்றில் உருண்ட கல்லில் பலவீனமான பகுதி ஏற்கெனவே உடைந்து போயிருக்கும், மிச்சம் இருப்பது உறுதியானது. அப்புறம் கைக்குள் அடங்கும் கனமான உருண்டைக் கல் ஒன்று, அதுதான் சுத்தியல். அடியில் வைக்க அகலமான தட்டைக்கல், அதுதான் அடிக்கல். பழைய அம்மி இருந்தால் வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள், கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இதில் பேரமே கிடையாது, குவார்ட்ஸ் சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலில் செருப்பு போதாது, ஷூ போடுங்கள். திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கம் இருந்து வரும்படி உட்காருங்கள், இந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சரி, இப்போது அடி. படங்களில் காட்டுவது, ஒரு கையில் கல்லைப் பிடித்து, 90 பாகைக்குக் குறைவான கோணமுள்ள விளிம்பில் மறுகைக் கல்லால் சரித்து அடிப்பது. உருண்டைக் கூழாங்கல்லில் அப்படி ஒரு விளிம்பே இருக்காது, சுத்தியல் வழுக்கும். இதற்கு இருமுனை அடி என்று வேறொரு முறை உண்டு: கல்லைத் தட்டைக்கல் மேல் நிமிர்த்தி வைத்து உச்சியில் நேராக இறக்குவது. எனக்கு இது பிடிபட்டது அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், பல வருடம் வேலை பார்த்த எங்கள் சித்தியால்தான். நான் தட்டுவதைப் பார்த்துவிட்டு, "சரிச்சு அடிக்காத மக்கா, அண்டி தல்லுத மாதிரி நேரா ஒரே போடு போடு" என்றார். கல்லின் மேல் கொட்டையை வைத்து, பருப்பு உடையாமல் ஓட்டை மட்டும் பிளக்கிற கை அது. எனக்கென்னவோ கொட்டை உடைத்த கைதான் முதலில் கல்லையும் உடைத்திருக்கும் என்று தோன்றுகிறது. கென்யாவில் துர்கானா ஏரிக்கு மேற்கே லொமெக்வியில் கிடைத்த, 33 லட்சம் ஆண்டு பழைய கருவிகளிலும் இப்படி அடிக்கல்லில் வைத்து உடைத்தவை உண்டு என்று 2015-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கூழாங்கல் நிற்காமல் உருளும், அதை விரலால் பிடிக்க வேண்டாம். பழந்துணியைச் சும்மாடு போலச் சுற்றி அதன் நடுவில் குத்த வைத்து, தயங்கித் தயங்கிப் பத்துத் தட்டு தட்டாமல் உறுதியாக ஒரு அடி. ஆரஞ்சுச் சுளை பிரிவது போல நீளவாக்கில் பிளந்தால் ஜெயித்துவிட்டீர்கள். பொடியானால் அடுத்த கல்.

கிடைத்த சில்லைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், மரச்சீனிக் கிழங்கின் தோலில் இழுத்துப் பாருங்கள். நான் சாளை மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தேன், வீட்டுக் கத்தியை விடச் சுத்தமாகப் போனது.

அப்புறம்தான் முக்கியமான வேலை, சில்லை வாசிப்பது. வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டு நுனியிலும் நசுங்கி மாவு போல வெளுத்திருக்கும், ஒன்று சுத்தியல் பட்ட இடம், மற்றது அடிக்கல் பட்ட இடம். ஃபிளின்டில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு புடைப்பும், குளத்தில் கல் போட்டது போல அலைவரிகளும் பளிச்சென்று தெரியும். குவார்ட்ஸில் அவை மங்கல்தான். அதனால் ஒரு உடைப்பை மட்டும் பார்த்து "கருவி!" என்று குதிக்காதீர்கள், கிரஷர் சல்லியிலும் கூர்விளிம்பு உண்டு. ஒரே கல்லில் வரிசையாக, ஒரே திசையில் பல சில்லுகள் பெயர்ந்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கிடக்கும் இடமும் பேசும். தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்துச் தேரிகளில், அதாவது செம்மணல் மேடுகளில், குவார்ட்ஸிலும் ஃபிளின்டுக்கு உறவான செர்ட் கல்லிலும் செய்த நுண்கருவிகள் கிடைத்திருக்கின்றன. காற்று மணலைக் கொண்டு வரும், ஒரு கைப்பிடிக் கல்லைக் கொண்டு வராது. யாரோ மடியில் கட்டித் தூக்கி வந்திருக்க வேண்டும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரி குவார்ட்சைட், அது வேறு கல், பெரிய கருவிக்கு ஒத்துக்கொள்ளும். நம் வெங்கச்சங்கல்லில் கைக்கோடரி செய்ய முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

முட்டம் பக்கத்துச் செம்மணலிலோ வேறெங்கோ சந்தேகமான கல் கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். நீங்கள் உடைத்த சில்லுகளை மட்டும் அப்படி விடவே கூடாது. எல்லாவற்றையும் பெருக்கி அள்ளி, வீட்டு வளாகத்திலேயே குழி தோண்டி, நடுவில் இந்த வருடத்து நாணயம் ஒன்றைப் போட்டு மூடுங்கள். பின்னால் தோண்டுகிறவர் குழம்ப மாட்டார்.