கோயில் கமிட்டியிலும் தெருவிலும் கருத்து வேறுபட்டால் என்ன செய்வது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் கமிட்டியில் பத்து வருடமாக இருக்கிறேன். கூட்டத்தில் வரும் சண்டைகூடப் பரவாயில்லை, உள்ளே எல்லோரும் தலையாட்டிவிட்டு வெளியே கார் பக்கத்தில் நின்று "எனக்கு இதில் இஷ்டமே இல்லை" என்று பேசுவதுதான் கோயிலை உடைக்கும். அதனால் முடிவு எடுத்ததும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: "அக்கா, உங்களுக்குச் சரியா? மனசில் ஏதாவது இருந்தால் இங்கேயே சொல்லிடுங்க." ஒத்துக்கொள்ளாதவர் சொன்ன காரணத்தையும் மினிட்ஸில் எழுதுங்கள், பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும்.

பெரிய விஷயத்தை முதன்முதலாகக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். ஆடிக் கூழுக்குக் கோழி அறுப்பதா, பூசணிக்காய் போதுமா என்ற பேச்சு வந்தபோது, கோழிதான் வேண்டும் என்ற பெரியவர் வீட்டுக்கு முந்தின வாரமே போனேன். அவர் கோழியைப் பற்றிப் பேசவே இல்லை, கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த தன் பாட்டி பிள்ளைக்காக வைத்த நேர்த்திக்கடனைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். கூட்டத்தில் முதலில் அவர் தரப்பைச் சொல்லி, "சரியாச் சொன்னேனா, தாத்தா?" என்று கேட்டேன். அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் என் கருத்தைச் சொன்னேன். நேர்த்தி உள்ள குடும்பம் வீட்டு முற்றத்தில் செய்யட்டும், கோயிலில் பூசணிக்காய் என்று முடிந்தது.

எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டியதும் இல்லை. தீபாவளியை நாம் சதுர்த்தசி விடியலில் கொண்டாடுகிறோம், இந்திக்காரர்கள் அமாவாசை இரவில், சில வருடம் ஒரு நாள் தள்ளிப்போகும். யார் தேதி சரி என்று மல்லுக்கட்டாமல், பட்டாசு எத்தனை மணி வரை என்பதை மட்டும் தெருவில் பேசி வையுங்கள்.

அப்புறம் அக்கம்பக்கம். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950 குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில், டர்பனிலேயே உள்ள கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம் இந்தியர்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து ஒட்டி ஒட்டிக் குடிவைத்தார்கள், ஒரு வீட்டு மேளம் அடுத்த வீட்டுக் கட்டில் வரை கேட்கும். சர்ச்சுக்குப் போகும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மேளத்தைப் பற்றிப் புகார் சொன்னதும், மதம் மாறினவர்களுக்கு அம்மனைப் பிடிக்காது என்று நம்மில் சிலர் கொதித்தார்கள். நேரில் போய்க் கேட்டால், அவர் கணவருக்கு நைட் ஷிஃப்ட், காலையில்தான் தூங்குகிறார். மேளத்தை மதியத்துக்கு மாற்றினோம். படைத்த கூழை அவர்கள் சாப்பிடமாட்டார்கள், அதனால் இப்போது படைக்கும் முன்பே ஒரு தூக்கு எடுத்து வைத்து வேலிக்கு மேலே நீட்டுகிறோம்.