வைன் போத்தலில் "க்ளோ" என்று இருந்தால் என்ன பார்க்க வேண்டும்

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் மேசை பார்ப்பவர்கள் முதலில் உச்சரிப்பைப் பழகிக்கொள்ளுங்கள். லேபலில் 'Clos' என்று கடைசியில் 'எஸ்' இருந்தாலும் அது ஒலிக்காது. 'குளோஸ்' என்றால் பிரெஞ்சுக்காரருக்கு விளங்காது. 'க்ளோ' என்றால் போதும்.

லத்தீனில் அடைப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது இது. நாங்கள் சொல்லும் மதில் வளவுதான், உள்ளே திராட்சைத் தோட்டம். ஆடுமாடும் கள்ளரும் புகாமல் இருக்கவும், எல்லை தெரியவும் மதில் எழுப்பினார்கள். பிரான்சின் வைன் பிரதேசமான பர்கண்டியில் இதைப் பெரிதாகச் செய்தவர்கள் கிறிஸ்தவ மடத்துத் துறவிகள்.

மதில் இருப்பதால் மட்டும் வைன் நல்லதாகிவிடாது. அதற்கு க்ளோ த வூஜோவே சாட்சி. சிஸ்டேர்சியன் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகள் வளர்த்த தோட்டம் அது. சுமார் 50 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 125 ஏக்கர். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்திடமிருந்து பறிக்கப்பட்டது, பிற்காலத்தில் துண்டு துண்டாகப் பிரிந்து இன்று ஏறக்குறைய 80 உரிமையாளர்களிடம் இருக்கிறது. மேட்டுப் பக்கத்தில் சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய மண், தண்ணீர் வடிந்துவிடும். கீழே வீதியோரம் கனத்த களி, ஈரம் நிற்கும். ஒரே மதில், ஒரே பெயர், ஆனால் வைன் ஒன்றல்ல. ஆகவே தோட்டப் பெயரை வாசித்ததும் தயாரிப்பாளர் பெயரைத் தேடுங்கள். விருந்தினருக்குச் சொல்ல வேண்டியதும் அதைத்தான்.

'மொனோபோல்' என்று இருந்தால் தோட்டம் முழுவதும் ஒருவர் கையில். 1141இல் கன்னியர் மடமொன்று வாங்கிய க்ளோ த தார் அப்படிப்பட்டது, 7.5 ஹெக்டேர்தான்.

பிரான்சில் 'க்ளோ' என்று போட்டால் திராட்சை அந்தப் பெயருள்ள தோட்டத்திலிருந்தே வர வேண்டும். சிலி, ஆர்ஜென்டினா போத்தல்களில் அது வெறும் வணிகப் பெயராகவும் இருக்கும். மதில் எங்கே என்று தேட வேண்டாம்.

பர்கண்டிச் சிவப்பு வைன் 15, 16 பாகை செல்சியஸில் பரிமாற வேண்டியது. திருகோணமலை வெக்கையில் 'அறை வெப்பநிலை' என்று மேசையில் விட்டால் மதுசாரம்தான் மூக்கில் ஏறும், பழவாசனை அடங்கிப்போகும். குளிரூட்டிய அறையில் இருந்த போத்தலென்றால் திறக்கமுன் அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். கிளாசில் மூன்றிலொன்றுக்கு மேல் ஊற்ற வேண்டாம். மிச்சத்தை ஐஸ் வாளிக்கருகே வைத்து, தேவைப்படும்போது சில நிமிடம் உள்ளே இறக்குங்கள்.